நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்

கொச்சி மட்டாஞ்சேரியில் அலங்கார மீன் விற்கும் அவருடைய பெயரை நான் கேட்டதே இல்லை. காதோரம் மட்டும் நரைத்த மலையாளி; தமிழ் பேசும்போதும் தண்ணீரை 'வெள்ளம்' என்றுதான் சொல்வார். எந்தத் தொட்டித் தண்ணீரையும் விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார்.

என் அறையில் எனக்குத் துணை ஒரு தங்கமீன்தான். அதன் மேல் வெள்ளைப் புள்ளி வந்தபோது, கல்லுப்பைக் கரைத்து ஒரு தடவை ஊற்றச் சொன்னார். ஒரு தடவை போதுமோ என்று எனக்குப் பயம். தண்ணீர் வற்றிக் குறையும்போதெல்லாம் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

நாக்கில் வைத்தவர் முகம் சுளித்தார். "என்ன அண்ணாச்சி, கடல் வெள்ளமா கொண்டு வந்தது? வெள்ளம் ஆவியாப் போகும், உப்பு எங்க போகும்? அது அங்கேயே கிடக்கும். பாதி வெள்ளத்த மாத்துங்க. வீட்டில வேற ஆருண்டு?"

"மீன் மட்டும்தான், சேட்டா."

"அப்ப நாளைக்கும் வெள்ளம் கொண்டு வாங்க. நோக்கலாம்."

தினமும் போனேன். மீன் தேறி, பழையபடி நீந்தியது. அதன் பிறகும் போனேன். ஒருநாள் உப்பே சேராத குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவர் நாக்கில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் உப்பு இன்னும் உண்டு. நாளைக்கும் வாங்க."

அந்த நாக்கு தவறி நான் பார்த்ததில்லை.