இலவசமாகக் கற்ற பிரெஞ்சு

எங்கள் நூலக வாசலில் ஒரு பலகை இருக்கிறது. செய்தித்தாள் இலவசம், வைஃபை இலவசம், வேலைவாய்ப்பு ஆலோசனை இலவசம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரத்த அழுத்தம் பார்ப்பதும் இலவசம். கடைசி வரி மட்டும் வேறு நிறப் பெயின்டில் பிற்பாடு சேர்த்தது: ஞாயிறு காலை பிரெஞ்சு வகுப்பு இலவசம். என் நகைச்சுவைப் பத்தியைப் பத்திரிகைக்காரர்கள் நிறுத்திய பிறகு, கையில் நேரம் நிறைய இருந்ததால், இந்தப் பலகையை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அனுபவிக்கத் தொடங்கினேன். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், "டென்ஷன் இல்லாத வேலையா பாருங்க சார்" என்றார். என்ன வேலை பார்த்தேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மிச்சமிருந்தது பிரெஞ்சு.

பாண்டிச்சேரியிலேயே பிறந்து, ஐம்பதைத் தாண்டி, தெருப்பெயர்ப் பலகை தவிர வேறு பிரெஞ்சு வாசித்தறியாதவன் நான். வெளியூர் நண்பர்கள் என்னிடம் பிரெஞ்சு இலக்கியம் பற்றிக் கேட்பார்கள். நானும் தலையைச் சாய்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். அதை அவர்கள் ஆழ்ந்த வாசிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பெருமூச்சுக்கு வயதான காலத்திலாவது ஓர் அஸ்திவாரம் போடலாம் என்றுதான் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தேன்.

வகுப்பு மாடியில். கால் உடைந்த நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, உடையப்போகிறவற்றை எங்களுக்குப் போட்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். பென்ஷன் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. மூட்டுவலி இங்கேயே கிடைத்தது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. பைசா வாங்காமல், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மணி அடித்தாற்போல் வந்து நிற்பார். நாங்கள் அவரை முசியே என்று அழைத்தோம், பிரெஞ்சில் ஐயா.

ஆரம்பத்தில் கூட்டம் இருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்த கதிர்காமத்து நர்சிங் பெண்கள் வந்தார்கள். இங்கே சான்றிதழ் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது நானும் நெல்லித்தோப்பிலிருந்து வரும் ஒருவரும்தான். அவர் மில் மூடும்வரை மில்லில் இருந்தார், மூடிய பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். இரவு வேலை முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேராக வகுப்புக்கு வருவார்.

பத்துப் பேருக்குக் குறைந்தால் மாடியை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பது நூலக விதி. தலை எண்ண வரும் உதவியாளர் அம்மாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும், நான் பின்பக்கப் படி வழியாக ஓடி, கீழே செய்தித்தாள் படிப்பவர்களைக் கூட்டி வருவேன். அவர்கள் கையிலிருந்த பக்கத்தை விடாமல் மேலே வந்து உட்கார்ந்து, எண்ணி முடித்ததும் இறங்கிப் போவார்கள். அந்த அம்மாவுக்கும் இது தெரியும். "இன்னா எழுத்தாளரே, இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் பக்கம் வந்திருக்கு, தலையங்கத்தக் காணோமே?" என்று கேட்டுவிட்டு, பத்து என்று எழுதிக்கொள்வார். ஒருவர் மட்டும் இறங்காமல் அங்கேயே தூங்கிவிடுவார். வகுப்பில் உச்சரிப்புப் பிழையே விடாத மாணவர் அவர்தான்.

நெல்லித்தோப்புக்காரர் ஏன் வந்தார் என்பது பன்னிரண்டு மணிக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலோரமாகப் போய் நிற்பார். இலவச வைஃபை ஒழுங்காக வரும் ஒரே இடம் அது. அவருடைய ஒரே மகன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து பிரான்சுக்கே போய்விட்டான். ஆறு வயதில் ஒரு பேரன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எழுந்ததும் வீடியோவில் வருவார்கள். இவர், "சாப்டியா கண்ணு?" என்பார். பையன் உடனே தலையைத் திருப்பி அப்பா முகத்தைப் பார்ப்பான். அப்பா பிரெஞ்சில் சொல்வான், பையன் பிரெஞ்சில் ஏதோ சொல்வான், அப்பா, "சாப்டானாம்" என்பான். ஆறு நாள் சேர்த்துவைத்த பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"எனக்கு ஒண்ணும் கதையெல்லாம் பேச வேணாம் சார்" என்றார் ஒருநாள். "அவங்கப்பன் மூஞ்சியப் பாக்காம ஒரே ஒரு தபா என் மூஞ்சியப் பாக்கணும். ஆகஸ்டு லீவுக்கு வரான். அதுக்குள்ள நாலு வார்த்த கத்துக்கணும்."

நாலு வார்த்தை என்ன, முசியே நாற்பது வார்த்தை கொடுத்தார். வியேன்இசி, இங்கே வா. அசீ, உட்கார். தெபூ, எழுந்திரு. சிலான்ஸ், சத்தம் போடாதே. ப்ளு வீத், இன்னும் சீக்கிரம். ஒவ்வொன்றையும் அவர் முதுகை நிமிர்த்திச் சொல்ல, நாங்கள் முதுகை நிமிர்த்தித் திருப்பிச் சொன்னோம். வகுப்பு முடிந்ததற்கு அடையாளம், அல்லே. கிளம்பு என்று அர்த்தம். இரண்டு மாதம் இப்படியே போனபோது, இலக்கியம் வாசிக்க வந்த எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

"முசியே, கொழந்தைங்ககிட்ட பேசற மாதிரி ஏதாவது சொல்லித்தாங்களேன்."

"கொழந்தன்னா இன்னா? ஆளு சின்னது. மொழி அதேதான்."

"இல்ல, கொஞ்சம் கொஞ்சலா..."

"முதல்ல வார்த்த நிக்கட்டும்யா. கொஞ்சலெல்லாம் பொறவு தானா வரும்" என்றார்.

நெல்லித்தோப்புக்காரருக்கு என் மேல் கோபம். "நீங்க சும்மா இருங்க சார். அவரு அந்த ஊர்லயே இருந்தவரு."

சும்மா இருக்க முடியாமல் நான் நூலகத்தைத் தேடினேன். பிரெஞ்சுக் குழந்தைகள் புத்தகங்கள் நிஜமாகவே இருந்தன. யாரோ ஊருக்குத் திரும்பிப் போனபோது கொடுத்துவிட்டுப் போனவை, எங்கள் மாடியிலேயே படிக்கட்டுக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரியில். பூட்டியிருந்தது.

"அதுக்கு இன்னும் நம்பர் போடல சார்" என்றார் உதவியாளர் அம்மா. "நம்பர் போடாம வெளிய குடுக்கக் கூடாது."

"யார் போடுவாங்க?"

"அந்த போஸ்ட் காலி."

"நீங்களே போட்டுட்டா?"

"சாவி அவர்கிட்ட இருந்துது. அவரு ரிட்டையர் ஆயிட்டாரு."

ஆகவே கண்ணாடி வழியே அட்டையைப் பார்த்துக்கொண்டோம். முன்னால் நின்ற புத்தகத்தில் ஒரு முயல் குடை பிடித்துக்கொண்டு நின்றது. நெல்லித்தோப்புக்காரர் கண்ணாடியில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, 'லாபேன்' என்று வாசித்துவிட்டார். முயல் என்று நான் அகராதி பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு முழுவதும் அவர் அந்த ஒரு சொல்லை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டிருந்தார். எங்கள் படிப்பில் உயிருள்ள ஜீவன் என்று வந்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார், புதுச் சட்டையில். மகன் கீழே போனில் பேசிக்கொண்டு நின்றுவிட்டான். முசியே எழுந்து நின்றார். கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட யாரும் கூப்பிடாமலே மேலே வந்தார்கள். வகுப்பில் தானாகப் பத்துப் பேர் சேர்ந்தது அன்றைக்குத்தான், எண்ணுவதற்கு ஆள் வரவில்லை.

பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டே வாசலில் நின்றான். தாத்தா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"வியேன்இசி!"

பையன் வந்தான்.

"அசீ!"

சட்டென்று உட்கார்ந்தான். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணை விரித்து, நேராகத் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அப்பனும் அங்கே இல்லை. நெல்லித்தோப்புக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் போனஸ் நாளன்று அவர் முகம் அப்படி இருந்திருக்கும்.

அப்புறம் பையன் அலமாரியைப் பார்த்துவிட்டான். எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தாத்தாவிடம் திரும்பி, படபடவென்று ஏதோ கேட்டான். லாபேன் என்பது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. நெல்லித்தோப்புக்காரர் முசியேவைப் பார்த்தார். முசியே காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லச் சொல்லு" என்றார். அதைச் சொல்ல எங்கள் நாற்பது வார்த்தைகளில் ஒரு வார்த்தை இல்லை. பையன் இன்னும் வேகமாகக் கேட்டான், பூட்டைப் பிடித்து ஆட்டினான். அலமாரி முழுக்கக் கடகடத்தது. கண்ணாடி உடைந்துவிடுமோ என்ற பதற்றத்தில் தாத்தாவுக்கு ஒரு வார்த்தை மட்டும் நினைவுக்கு வந்தது.

"சிலான்ஸ்!"

இரண்டு மாதப் பயிற்சி. நூலகமே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பையன் பூட்டை விட்டுவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதான்.

மகன் மேலே ஓடி வந்தான். "இன்னாப்பா பண்ண அவன?"

"ஒண்ணும் இல்லடா. உக்காரு கண்ணுன்னுதான் சொன்னேன். அசீன்னு."

"அசீயா? அங்க நாய்கிட்டதாம்பா அப்படி சொல்லுவாங்க" என்று பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். மனத்தாங்கல்கூட இல்லை அவன் குரலில், களைப்புதான்.

பேப்பர்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முசியே கரும்பலகையைத் துடைத்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எங்கிட்ட அங்க வேற மாதிரி யாரும் பேசினதில்லையே" என்றார், யாரையும் பார்க்காமல். "பேசியிருந்தா சொல்லிக் குடுத்திருக்க மாட்டனா?"

அடுத்த ஞாயிறு முசியே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தலை எண்ண வந்த அம்மா என் தலையையும் தூங்குகிறவர் தலையையும் மட்டும் எண்ணிவிட்டுப் போனார். இப்போது மாடியில் கீழ்த்தளத்து உடைந்த நாற்காலிகளும் இருக்கின்றன. பலகையின் கடைசி வரியை அழிக்கவில்லை. அழிக்கிற பெயின்டுக்கு எழுதிப்போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

வைஃபை மட்டும் இன்னும் வருகிறது. நெல்லித்தோப்புக்காரரும் வருகிறார். போன ஞாயிறு நான் படி இறங்கும்போது அவர் ஜன்னலோரம் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் பையன் நிமிர்ந்து, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"சாப்டியா கண்ணு?" என்றார்.

பையன் அப்பா பக்கம் திரும்பவில்லை. தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணைச் சிமிட்டாமல். "மாமா வூட்டு நாய் குட்டி போட்டிருக்கு கண்ணு" என்றார். அதற்கும் அப்படியே பார்த்தான். வைஃபைதான் நின்றுவிட்டதோ என்று எனக்கே தோன்றியது.

"அல்லே" என்றார் அவர் கடைசியில், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

பையன் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினான். திரையில் நாற்காலி மட்டும் இருந்தது.

போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார், நான் சொன்னது அவனுக்குப் புரிஞ்சுடுச்சு."

ஆமாம் என்றேன்.