எஸ்தர் சிஸ்டர் வண்டிக்கு நான் வைத்த லப்பம்

என் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு நர்சம்மாவிடம் என் மீசையைப் பந்தயம் வைத்தேன். காரணம் ஒரு வண்டியின் கூரை.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் எனக்குத் தகர வேலை. பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது லாரிகளின் பின்பலகையில்தான். இன்றைக்கும் எதைப் படித்தாலும் கடைசியில் 'ஹாரன் அடிக்கவும்' இருக்கிறதா என்று தேடுவேன்.

1. ஒரு சொம்பு டெஸ்ட்

ஒருநாள் ஒரு ஜீப், டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தது. ஊர் ஊராகப் போய்க் கண் பார்க்கிற மிஷன் வண்டி. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, மருந்து அலமாரி. முகாம் நாட்களில் எஸ்தர் சிஸ்டரும் இன்னொரு நர்சும் அதிலேயே சமைத்து அதிலேயே படுப்பார்கள். கூரை நடுவில் காற்றுக்காக ஒரு சதுர வெண்டிலேட்டர், தூக்கித் திறக்கிற தகர மூடியோடு. அதைச் சுற்றித்தான் ஒழுகல். போன முகாமில், புதூரில் பெய்த மழையில் மெத்தையெல்லாம் நனைந்துவிட்டதாம். அடுத்த முகாம் குளத்தூரில், அதுவும் ஐப்பசியில்.

ஏறிப் பார்த்தேன். வெண்டிலேட்டர் சட்டத்தைச் சுற்றி, இடுக்கை அடைக்கப் பூசிய பழைய லப்பம் வெடித்துக் கிடந்தது. அதன்மேல் கரிசல் தூசி, மாவு போல. சுரண்டினால் அரைநாள் போகும். நான் சுரண்டவில்லை. சாக்கட்டிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து, பழையதன் மேலேயே அப்பி, விரலால் வழித்து அழகு பார்த்தேன். பிறகு மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒழுகவில்லை.

"மழை ஒரு சொம்புதான் பெய்யுமா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நம்ம ஊருக்கு அதுவே ஜாஸ்தி சிஸ்டர்."

பட்டறையே சிரித்தது. யாராவது சிரித்தால் என் வாய்க்குப் பிரேக் பிடிக்காது. ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மீசையை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன். அது இரண்டு வருஷம் எண்ணெய் போட்டு வளர்த்தது. பெண் வீட்டார் சம்மதித்ததே மீசையோடு எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான். அது இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தால் ஆள்மாறாட்டம் என்று போலீசைக் கூப்பிடுவார்கள்.

"கத்திரிக்கோல் எங்கிட்டயே இருக்கு," என்றார் சிஸ்டர்.

முதலாளி அண்ணாச்சி என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார். "போலே. ஒழுகுச்சுன்னா அங்கனயே மீசையைக் குடுத்துட்டு வா."

2. குளத்தூரில் சொட்டு மருந்து

முகாமின் இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் வெண்டிலேட்டருக்கு நேர் கீழே நாற்காலியில் ஆடு மேய்க்கிற பேச்சியம்மா. தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, மருந்துக்குக் காத்திருக்கிறாள். சிஸ்டர் பாட்டிலை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற நான் அந்தச் சொட்டைப் பார்த்தேன். மூடி ஓரத்தில் திரண்டது, தொங்கியது, சரியாக அவள் கண்ணுக்குள் விழுந்தது.

"சில்லுன்னு இருக்கு தாயி. மறு கண்ணுக்கும் விடு," என்றாள் பேச்சியம்மா.

சிஸ்டர் கையில் பாட்டில் இன்னும் திறக்காமலே இருந்தது. கூரையைப் பார்த்தார். பிறகு என் மீசையைப் பார்த்தார். பேச்சியம்மாவின் கண்ணைக் கழுவிவிட்டு என்னிடம் சொன்னார்: "மீசை பெறவு. மொதல்ல வேலையப் பாரு."

மழை விட்டதும் ஏறினேன். ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால், எண்ணெய் விட்டுச் சுட்ட தோசை மாதிரி லப்பம் முழுசாகக் கையோடு வந்தது. அடிப்பக்கம் பூராவும் கரிசல் தூசி. என் லப்பம் கூரையில் ஒட்டவே இல்லை, தூசியில்தான் ஒட்டியிருந்தது.

இந்தத் தடவை ஸ்குரூவையெல்லாம் கழற்றிச் சட்டத்தையே தூக்கினேன். தகடு தெரிகிறவரை சுரண்டி, ஜீப்பிலிருந்து பெட்ரோல் வாங்கித் துடைத்தேன். சட்டத்துக்கு அடியில் லப்பம் வைத்து, ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினேன். நாலு பக்கமும் லப்பம் சமமாகப் பிதுங்க வேண்டும், அதுதான் அடையாளம். ஒவ்வொரு ஸ்குரூ தலைக்கும் ஒரு பொட்டு. பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, வாராக வெட்டி மூடிக்கு அடியில் ஒட்டினேன். கண் பார்க்க வந்த கூட்டம் கீழே நின்று எனக்கு மேஸ்திரி வேலை பார்த்தது.

3. தீர்ப்பு

மறுநாள் கூரையில் கல்லைக் கொட்டுவது போல மழை. பேச்சியம்மா கண்ணாடி வாங்க வந்தாள். யாரும் சொல்லாமலே அதே நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண்ணை விரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு மருந்து கெடையாதா?"

ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் மீசையை முறுக்கினேன். சிஸ்டர் அவளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பந்தயத்தைச் சொன்னார். சொட்டு விழுந்தது உன் கண்ணில், தீர்ப்பையும் நீயே சொல்லு என்றார். பேச்சியம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"வேலை நல்லாத்தான் பாத்திருக்கான். ஆனா மீசை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கியில்லா கெடக்கு. எடுத்துரு தாயி."

கல்யாணத்தில் மாமனார் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரி மட்டும் குனிந்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு, பழசைச் சுரண்டித் தகட்டைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்தக் கூரையிலும் லப்பம் வைத்ததில்லை. மீசையும் அடியோடு எடுத்துவிட்டு வளர்த்த பிறகுதான் இரண்டு பக்கமும் சமமாக வந்தது.