பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிட்டார்

இருபது வயதில், வேகமாக கிட்டார் வாசிப்பதுதான் வாழ்க்கை என்று நான் உறுதியாக நம்பினேன். மெதுவாக வாசிப்பவர்கள் எல்லாரும் வேகம் வராதவர்கள் என்பது என் முடிவு. அப்போது ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறையை நடுவில் பீரோ வைத்துப் பிரித்திருந்தோம். இந்தப் பக்கம் நானும் கிட்டாரும். அந்தப் பக்கம் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த என் தங்கை.

சொல்லித்தர ஆள் இல்லை; கேசட்தான். கிட்டார் மட்டும் தனித்து ஒலிக்கும் சோலோ வரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று காது பிடிப்பதற்குள் அது முடிந்துவிடும். தீரப்போகிற பேட்டரியை டேப்ரிக்கார்டரில் போட்டால் பாட்டு இழுத்து இழுத்து ஓடும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அதன்பிறகு டார்ச் லைட்டில் உயிர்விட்ட பேட்டரிகளை யாரையும் எறிய விடவில்லை. சுருதி இறங்கிவிடும். அதற்கேற்பக் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்குவேன்.

“அண்ணன் மறுபடியும் பேயக் கூப்புடுதும்மா” என்று பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

ஸ்வரங்கள் கிடைத்தன. வேகம் கிடைக்கவில்லை. பாதி வழியில் விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றுவிடும். ஒருநாள் தங்கை மரஸ்கேலோடு வந்து நின்றாள்.

“எங்கனா தீப்பிடிச்சுகிச்சா? ஏன்ணா இப்படி ஓடுறே?”

“அது ஸ்பீடு. உனக்குப் புரியாது.”

“எனக்கா? இன்ஸ்டிட்யூட்ல ஓடுறவங்க பேப்பர்ல பாதி தப்புதான் இருக்கும். மொதல்ல தப்பில்லாம அடி. ஸ்பீடு தானா வரும்.”

கட்டிலில் உட்கார்ந்து ஸ்கேலால் பீரோவைத் தட்ட ஆரம்பித்தாள். முட்டிவலியோடு மாடி ஏறும் ஹவுஸ் ஓனர் அம்மாவின் வேகம். எரிச்சலோடுதான் வாசித்தேன். தப்பு வந்தால் “ம்ஹூம்” என்பாள். முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாளாக நாளாக, தட்டும் வேகத்தை எனக்கே தெரியாமல் கூட்டினாள். சத்தம் கேட்டு அந்த ஓனர் அம்மாவே ஒருநாள் மேலே வந்து, “ஏனம்மா, மரகெலச நடீதிதியா?” என்றார். தச்சுவேலை நடக்கிறதா என்று கன்னடத்தில் கேட்கிறார்.

“இல்லா ஆண்ட்டி, சங்கீத” என்றாள் தங்கை, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

அந்த வருடம் நண்பனின் பேண்டில் எனக்கு இடம் கிடைத்தது. விவேக் நகரில் ஒரு கல்யாண வரவேற்பு, மதியச் சாப்பாட்டு நேரம். குடும்பத்தோடு போயிருந்தோம். என் சோலோ வந்தது. ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை. ஆனால் சந்தோஷத்தில் பறந்துவிட்டேன் போல. சோலோ முடிந்தபோது மற்றவர்கள் இன்னும் பாதியில்தான் இருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த நண்பன் கண்ணை உருட்டினான்.

“இன்னும் பாதி கீது குரு!”

வேறு வழி தெரியாமல் மொத்தத்தையும் முதலிலிருந்து இன்னொருமுறை வாசித்தேன். வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். மணப்பெண்ணின் மாமா கேக் தட்டோடு மேடைக்கே வந்தார்.

“சூப்பரா வாசிக்கிறீங்க தம்பி. ஆனா ஆடுறவங்க காலுக்கும் கொஞ்சம் டைம் குடுங்க.”

அடுத்து மெதுவான பாட்டு. அது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அடுத்த ஸ்வரம் நினைவுக்கு வரும்வரை முந்தையதை நீளமாக ஒலிக்க விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலிகள் காலி. மணப்பெண்ணின் அம்மா ஆடுகிறார், மாமா ஆடுகிறார், தோழிகளுக்கு நடுவில் என் தங்கையும்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்:

“ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சுணா. அதுக்கு ரொம்ப ப்ராக்டீஸ் பண்ணியா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை.