அவளுக்குக் கிடைத்த ஸ்டேஷன்

என் மனைவி கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தாள். பெண்ணாக இருந்தாலும் அந்த வேலைக்கு அதுதான் பெயர். சரக்குப் பெட்டிகளை மாட்டுவது, கழற்றுவது, கொடி காட்டுவது. அதைச் செய்துகொண்டே பரீட்சைக்குப் படித்து உதவி ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிவிட்டாள். திருச்சியில் டிரெயினிங் முடித்து வந்த மறுவாரம் ஆர்டர் கைக்கு வந்தது. ராமநாதபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயரை இரண்டு தடவை படித்தும் எனக்கு மனதில் நிற்கவில்லை.

நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ராயபுரத்தில் பிறந்தவன், ஞானஸ்நானமும் கல்யாணமும் ஒரே கோயிலில். படகு உள்ளே வரும்போதே சத்தத்தை வைத்து இது யார் படகு, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். நாலு பேருக்குத் தெரிந்த ஆளாகவே இருந்து பழகிவிட்டேன்.

"நீயே முடிவு பண்ணு. எதுன்னாலும் எனக்கு சரி" என்றேன் அவளிடம். பெரிய மனசோடு சொன்னதாக நினைப்பு.

இறால் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நாளைக்கு அங்க போயி எதுனா பேஜாராச்சின்னா, நீதான சொன்னன்னு என்னியச் சொல்லுவ. பாரத்த என் தலையில வச்சிட்டு நீ நல்லவனாயிடப் பாக்குற."

அவள் சொன்னது உண்மைதான்.

பட்டறையில் கூட்டாளி ஒருத்தன், "பொண்டாட்டி வேலைக்கு நீ மூட்ட கட்டுறியா மாமு?" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் அப்புறம் உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் எங்கள் பாப்பாவின் ஸ்கூலைச் சாக்காக இழுத்தேன். அது எடுபடாமல் போகவே, "அம்மாவ வுட்டுட்டு எப்டிப் போறது?" என்றேன்.

மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"என்னிய இன்னாத்துக்கு இயுக்கிற? அவ படிச்சிகினு இருந்தப்ப ஒங் கொயந்தைய நான்தான் பாத்துகினேன். இப்ப போவலன்னா நான் பாத்துகினதுக்கு இன்னா அர்த்தம்? ஒந் தங்கச்சி வூடு அடுத்த தெருவுலதான கீது. நான் இருந்துக்குவேன்."

எனக்கு வேறு சாக்கு இல்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று, பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ரயில் ஏறினோம்.

நீளமான பிளாட்பாரம், ஆளே இல்லை. ஒரு ஆடு மட்டும் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ரிட்டயர் ஆகப்போகிறவர். அவளை உள்ளே உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். "சிக்னல் வேலை செய்யலைன்னா என்ன செய்வீங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் இவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். யார்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அதனால் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. பாசஞ்சர் வண்டி கடந்தபோது அவர் பக்கத்தில் நேராக நின்று, கடைசிப் பெட்டி போகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மாவுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அவர் வெளியே வந்து.

நான் எனக்கு வேலை கிடைக்குமா என்று விசாரிக்கப் போனேன். டீக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வயலில் எல்லாம் கரண்ட் மோட்டார், இன்ஜின் மெக்கானிக்குக்கு வேலையே இல்லை. படகு என்றால் மண்டபம்தான் போகணும், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

திரும்பி வந்தபோது அவள் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வேல கீதா?"

"இங்க இல்ல. மண்டபத்துல கீதாம். பஸ்ல போய் வரணும்."

"அப்ப வாணாமா?"

"வாணான்னு சொன்னனா? போலாம்மே. நான்தான் சொல்றேன். எதுனா ஆச்சின்னா என்னியத் திட்டு."

"நீ மட்டும் சொன்னதா வாணாம். நானும் சொல்றேன்" என்று பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

மூன்று பேரும் இங்கே குடிவந்துவிட்டோம். முதல் மூன்று மாதம் மண்டபத்தில் எவனும் என்னை நம்பி இன்ஜினைத் தொடவிடவில்லை. யாரோ ஒருவர் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராயபுரம் நினைப்பிலேயே கழிந்த நாட்கள் உண்டு. இப்போது இரண்டு மூன்று படகுக்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். பாப்பா இந்த ஊர்த் தமிழ் பேசி என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள். அம்மா ஒரு தடவை வந்து, இந்த ஊர்த் தண்ணியில் குழம்பே ஒழுங்காக வரவில்லை என்று பத்து நாளும் குறை சொல்லிவிட்டு, போகும்போது மருமகளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

சாயங்காலம் நான் வரும் பஸ் சில நாள் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும். கேட்டை மூடச் சொல்வது ஸ்டேஷனிலிருந்து அவள்தான். வண்டியே கண்ணில் படவில்லை, அதற்குள் மூடிவிட்டார்கள் என்று பஸ்ஸில் எல்லாரும் ஸ்டேஷன் மாஸ்டரை ஏசுவார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சோம்பல் முறிப்பார். ரயில் போய் முடிகிறவரை நான் ஜன்னல் வழியாக ஸ்டேஷன் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.