கல்லுக்கும் சிலுவைக்கும் நடுவில்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருக்கும், கதை முன்பின்னாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பலது மறந்தும் போச்சு. ஆனால் மன்னார் அண்ணை என் சுவெற்றர்க் கையைப் பிடித்து இழுத்த அந்த இழுவை மட்டும் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியின் தெற்கு மூலையில், பெரிய மலையொன்றின் அடிவாரத்து விடுதியில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் கோப்பை கழுவினேன். அவர் உருளைக்கிழங்கு உரித்தார். அந்த மலையின் உச்சியில் ஜெர்மனி முடிந்து ஒஸ்ரியா தொடங்குகிறது. கோடையில் முதுகில் பையும் கையில் தடியுமாகச் சனம் ஏறும். கயிறு கட்டிச் செங்குத்துப் பக்கத்தால் ஏறுகிறவர்களும் உண்டு. பின்னேரம் இறங்கிவந்து, வாசலில் சப்பாத்துச் சேற்றைத் தட்டிவிட்டு, கலியாண வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரிச் சிரிப்பார்கள். ஒருத்தரும் துரத்தாமல் இந்தச் சனம் ஏன் மலையேறுகிறது என்று நாங்கள் கதைத்துக்கொள்வோம்.

அண்ணை மன்னார்ப் பக்கத்து வேதக்காரர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில் சண்டைக்குள்ளே, மடு அகதி முகாமில். இவருடைய அகதி வழக்கை இங்கே ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விசாரணைக்கு டெர்மின், அதுதான் நாள் குறித்த கடிதம், வந்திருந்தது. மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் எங்கள் கடதாசியில் எழுதியிருந்தது. நாட்டையே தாண்டினால் என்ன நடக்கும் என்று கேட்கவும் பயம்.

உச்சியில் பெரிய சிலுவை ஒன்று நிற்கிறது என்று முதலாளி அம்மா சொன்ன நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "டெர்மினுக்கு முன்னம் அங்கை ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும், தங்கச்சி. தனியப் போகப் பயமாக் கிடக்கு, நீங்களும் வாங்கோ" என்றார். ஓய்வு நாளொன்றில் விடியவே வெளிக்கிட்டோம். முதலாளி அம்மாவின் பழைய சப்பாத்து எனக்குப் பெரிது. முன்னுக்குக் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டேன்.

மேலே காற்று மெழுகுதிரியை நிற்கவிடவில்லை. கொளுத்தக் கொளுத்த நூர்ந்தது. அவருடைய முகம் விழுந்துபோனதை என்னால் பார்க்க ஏலவில்லை. நான் சைவக்காரி, எனக்குத் தெரிந்தது சுற்றிக் கும்பிடுவதுதான். மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று என்று மூன்று சுற்று நேர்ந்துகொண்டு சிலுவையைச் சுற்றத் தொடங்கினேன்.

"சிலுவையைச் சுத்துற முதல் ஆள் நீங்கள்தான். ஆண்டவருக்குத் தலை சுத்தப் போகுது" என்று அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. எனக்கு உசார் வந்துவிட்டது.

இரண்டு சுற்று முடிந்து மூன்றாவதில் கால் வைத்தபோதுதான், நிலத்தில் ஊன்றியிருந்த எல்லைக்கல் அவருடைய கண்ணில் பட்டது.

"தங்கச்சி, நில்லுங்கோ! அங்காலை ஒஸ்ரியா!"

"அரைகுறையாய் விடக்கூடாது அண்ணை, இது சின்னவளின்ரை சுத்து" என்று நான் நடந்தேன். அவர் ஓடிவந்து என் சுவெற்றர்க் கையைப் பிடித்து இழுத்தார்.

கொஞ்சம் தள்ளி, பச்சைச் சீருடையில் எல்லைக் காவலர் இருவர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழும்பி வந்து கடதாசி கேட்டார். என்னுடையது அறையில் கிடந்தது. அண்ணை தனக்குத் தெரிந்த குசினி ஜெர்மனில், எல்லையைத் தாண்டியது தான்தான், இவ இல்லை என்று சொல்லித் தன்னுடைய கடதாசியை நீட்டினார். காவலர் அதைப் பார்த்துக் கொப்பியில் ஏதோ எழுதினார். திருப்பிக் கொடுத்துவிட்டு, கவனமாக இறங்குங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அந்த மனுசன் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அதை எப்படி எடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இறங்கும்போது நான் அழுதேன். "பயப்பிடாதேங்கோ. அவர் என்ரை பேரை எழுதின எழுத்தைப் பாத்தனான். அதை வைச்சு என்ரை அம்மாவாலையும் என்னைக் கண்டுபிடிக்க ஏலாது" என்றார்.

விசாரணை முடிந்து இரண்டு மாதத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. "அண்டைக்கு நான் சுத்தினதாலையோ அண்ணை?" என்று கேட்டேன். "விசர்க்கதை கதையாதேங்கோ. இதிலை மலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை" என்றார். கடிதம் ஒன்பது பக்கம். அவருக்குத் தெரிந்ததோ கிழங்கு, கத்தி, சட்டி என்ற ஜெர்மன். சொன்னது உண்மையா, என்னை ஆற்றச் சொன்னதா?

பனி விழத் தொடங்கிய ஒரு காலை அவர் வேலைக்கு வரவில்லை. பிரான்சுக்குப் போனார் என்றார்கள், பிறகு கனடா என்றார்கள். அந்த மூன்று பேரும் வந்து சேர்ந்தார்களா என்று சொல்ல ஆளில்லை. சுற்றியது பிழையா, சின்னவளின் சுற்றைப் பாதியில் விட்டது பிழையா என்று என் மனம் இன்னும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

இப்போது அங்கே யாரும் யாரையும் மறிப்பதில்லையாம். எனக்கு முழங்கால் ஏலாது. இதை வாசிக்கிற பிள்ளைகள் யாராவது அந்த மலைக்குப் போனால் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கல்லுக்கும் சிலுவைக்கும் நடுவில், இந்தப் பக்கமாகவே, ஒரு ஆள் சுற்றிவர இடம் இருக்கிறதா? நான் கொஞ்சம் மெலிந்த ஆள்தான்.