காரணம்: பால்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் நீளமான ஒரு நோட்டு கிடக்கிறது. கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி. ஒவ்வொரு பக்கத்திலும் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள்: பெயர், வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், காரணம். அறுபதுகளின் நடுவில், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு சின்னக் கம்பெனியில் நான் வாட்ச்மேனாக இருந்தபோது எழுதியது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் நடுவில் வாய் திறக்க அன்றும் கூச்சம், இன்றும் கூச்சம். ஆனால் கையெழுத்து மட்டும் அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

கைக்குழந்தைகளின் வயிற்று வலிக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரை பாட்டிலில் அடைக்கிற கம்பெனி அது. இருபது பெண்கள் வேலை செய்தார்கள். பாட்டில் கழுவுவது, நிரப்புவது, லேபிள் ஒட்டுவது. லேபிளில் கன்னம் உப்பிய குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். லேபிள் ஒட்டுகிறவர்களில் ஒருத்தி சிட்லபாக்கம் ஏரிக்கரையிலிருந்து நடந்து வருவாள். அவள் பெயர் நோட்டில் இருக்கிறது, இங்கே வேண்டாம். புருஷன் மூட்டை தூக்கப் போய் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தான். அதனால் பிரசவமாகி ஐம்பது நாள்கூட ஆகாமல் வேலைக்குத் திரும்பிவிட்டாள். காலை பதினொரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் அவளுடைய நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருவாள். அப்போதிருந்த பழைய மேஸ்திரி நல்ல மனிதர். "போயிட்டு சீக்கிரம் வாம்மா" என்பார்.

வெளியே வெயில். மறைவாக உட்கார இடம் கிடையாது. முதல் நாள் அவள் கேட்டை ஒட்டிய முள்வேலிப் பக்கம் ஒதுங்கியதைப் பார்த்துவிட்டு, என் தகரக் கொட்டகையிலிருந்த முக்காலியைக் காட்டி, "உள்ள உக்காரும்மா" என்றேன். அவளிடம் நானாகப் பேசிய பேச்சில் அதுதான் நீளமானது. பிறகு வெளியே வந்து, கொட்டகைக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் அப்படித்தான்.

எனக்கும் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தன. என் மனைவி பால் கொடுக்க உட்கார்ந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்த காலம். பால் குடிக்கிற குழந்தையின் சத்தத்தை நான் முதன்முதலில் காது கொடுத்துக் கேட்டது அந்தக் கேட்டில்தான். அழுகை பட்டென்று நிற்கும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு மளமளவென்று விழுங்கும். வயிறு நிறைய நிறைய விழுங்குவது மெதுவாகி, கடைசியில் ஒரு பெருமூச்சு.

"மெதுவா குடிடா ராஜா. எங்க ஓடப்போற? ஓடப்போறவ நாந்தான்" என்பாள் அவள்.

நாத்தனார் சும்மா இருக்க மாட்டாள். "இன்னாடி இது, புள்ளையா தண்ணி லாரியா? இப்பிடி ரொப்பிகினா தூக்கிகினு நடக்கறவ இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"கண்ணு வைக்காதண்ணி. உங்க தம்பி புள்ளதான, பசி தாங்குமா?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒருநாள் அவள், "குரல் கேட்டாலே எனக்கு சுரந்துடுதுண்ணி. கை லேபிள்ல கீது, ரவிக்கை நனைஞ்சு பூடுது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பிப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேர்த்துக் களைத்து வந்தவள், குளித்துவிட்டுப் போகிறவள் போலப் போவாள். குழந்தைக்குத்தான் வயிறு நிறைகிறது என்று நினைத்திருந்தேன். தாய்க்கும் ஏதோ நிறைகிறது என்பது அப்போது தெரிந்தது.

அவள் உள்ளே போனதும் நான் நோட்டை எடுப்பேன். வெளியே பதினொன்று, உள்ளே பதினொன்று பதினைந்து. காரணம்: பால். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஈடாக அவள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்திருக்காமல் லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் பழைய மேஸ்திரி போய், புது மானேஜர் வந்தார். இரண்டாம் நாளே என் நோட்டைக் கேட்டார். நின்றபடியே புரட்டினார். "பரவாயில்லையே, முத்து முத்தா எழுதியிருக்கியேப்பா. எதுவரைக்கும் படிச்சே?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. "அஞ்சாவது சார்" என்றேன். அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "பால், பால், பால். என்னப்பா இது, பால் டிப்போவா? டெய்லி ரெண்டு தடவையா? எல்லாம் கரெக்டா?" என்றார்.

"ஆமாம் சார்."

அந்த இடத்தில் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சாப்பாட்டு நேரத்தில் ஈடுகட்டி விடுகிறாள் சார்' என்றிருக்கலாம். 'பச்சைக் குழந்தை சார்' என்றிருக்கலாம். அவர் கேட்டிருக்கவும் கூடும், அவ்வளவு கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கையெழுத்தைப் புகழ்ந்த மனிதரிடம் மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை யாருக்காகவும் கேட்டைத் திறக்கக் கூடாது என்று ஆர்டர். இஷ்டமில்லாதவர்கள் வேலையை விட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள். அவள் எப்படி விடுவாள்?

பதினொரு மணிக்கு நாத்தனார் வழக்கம்போல வந்தாள். நான் கேட்டுக்கு உட்பக்கம், அவள் வெளிப்பக்கம். குழந்தை வீறிட்டு அழுதது. லேபிள் ஒட்டுகிற அறையின் ஜன்னலுக்குக் குழந்தையின் தாய் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்பு நனைந்திருந்தது. யாரோ உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இன்னா வாட்ச்மேன், சாவி உன் இடுப்புலதான கீது? தொறய்யா" என்றாள் நாத்தனார்.

"ஆர்டரு, அக்கா" என்றேன்.

"நீ குட்சதும் தாய்ப்பால்தான? அதுக்கும் உங்கம்மா ஆர்டர் வாங்கிகினுதான் குட்த்தாங்களா?"

மறுநாளும் வந்தாள். அன்று ஏசவில்லை. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை.

பாட்டில் கழுவும் தொட்டிக்குப் பின்னால் அவள் பாலைப் பீய்ச்சிச் சுவரில் விடுவதாகக் கழுவுகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகி, காய்ச்சலில் நாலு நாள் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் பால் நின்றுபோயிற்று. குழந்தைக்குத் தண்ணீர் கலந்த மாட்டுப்பாலும் கஞ்சியும். வயிற்றுப்போக்கு வந்து பிழைத்ததே பெரிய பாடு என்றார்கள். கம்பெனியில் இரக்கப்பட்டு, லேபிள் கோணலாக ஒட்டிய ஒரு கிரைப் வாட்டர் பாட்டிலை அவளுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். புருஷன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

பிள்ளை பெற்றவளைத் தெய்வம் என்கிறோம். கோயிலில் அம்மா என்று கும்பிட்டுப் பாலாபிஷேகம்கூடச் செய்கிறோம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு முக்காலி, ஒரு மறைவு, பதினைந்து நிமிடம், 'இருக்கட்டும் விடுங்க' என்று சொல்ல ஓர் ஆள். முதல் மூன்றும் அங்கே இருந்தன.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் கேட்டுக்கு வந்தாள். கையில் அந்தப் பையன். வயதுக்குத் தகுந்த வளர்த்தி இல்லை, கால்கள் குச்சி குச்சியாக இருந்தன. ரயிலுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போக வந்தாளாம். "நீ ஒருத்தன்தாண்ணா எங்களுக்கு எடம் குட்த்த. எவனோ போட்டுக் குட்த்துட்டான், பாவி. உன்னிய மட்டும் மறக்க மாட்டேன்" என்றாள்.

எவன் என்று சொல்ல வாய் திறந்தேன். பையனின் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பையன் என் மேஜைமேல் இருந்த நோட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டு, "தொடாத. பார்த்தியா மாமா எயுத்து? நீயும் பெரியவனாயி மாமா மாதிரி எயுதணும், இன்னா?" என்றாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் பால் கொடுக்கும்போது நான் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், காது மட்டும் உள்ளே இருக்கிறது. நேற்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 'பால், பால்' என்று அழகாக எழுதியிருக்கிறேன். குழந்தை கேட்டுக்கு வெளியே நின்று அழுத அந்த இரண்டு நாட்களைத் தேடினேன். தேதி போட்டிருக்கிறது, கோடும் நேராகப் போட்டிருக்கிறது. நான்கு கட்டங்களும் காலி. அன்று யாரும் வெளியே போகவில்லை.