எனக்கு என்று ஒரு தரம்

அப்பா போன மாதம் இறந்தார். பெயர் சுந்தரதாஸ். பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் பஸ் பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்தார். கொல்லயிலிலேயே அடக்கமானார்.

அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு ஜாக்கி இருக்கிறது. பஸ்ஸைத் தூக்குகிற திருகு ஜாக்கி. தொழிற்பள்ளியில் படித்தபோது அவரே செய்தது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்ல எனக்கு அந்த வழிதான் தெரியும்.

அதன் தண்டில் சதுர மரை. காலால் மிதித்துச் சுழற்றுகிற லேத்தில் வெட்டியது. மிதி ஒரு கணம் தளர்ந்தால் உளி குதித்து இரும்பில் வடு விழும். இந்த மரையில் வடு இல்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரே மூச்சு. உளியைப் பிடித்தது அப்பா. முறை வைத்து மிதித்தது கூடப் படித்தவர்கள். மின்சார லேத்தில் நான் சதுர மரை வெட்டியிருக்கிறேன். இந்த அளவுக்கு வந்ததில்லை.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்பும் கைதுமாக இருந்தது. எந்த வருடம் என்று கேட்டால் அப்பா ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்ல மாட்டார். மாசியில் வரும் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்திருந்தது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

மிஷன் தொழிற்பள்ளியில் வருடக் கடைசியில் விழா நடக்கும். மாணவர்கள் தாங்கள் செய்த பொருளை ஊரார் முன்னால் வைத்து வேலை செய்ய வைத்துக் காட்ட வேண்டும். பேச்சு, மாலை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வருடம் தடையுத்தரவு இருந்தது. ஃபிட்டிங் ஆசிரியர் தாணுமாலயன் அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனார். "யோகம் கூடான் பாடில்ல" என்று, கூட்டமே கூடக் கூடாதென்று, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தாணுமாலயன் சுசீந்திரத்துக்காரர். நெற்றியில் சந்தனம் இல்லாமல் பட்டறைக்குள் வர மாட்டார். பிள்ளைகளின் வேலையை ஊர் பார்க்காமல் வருடம் முடிவது அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துத் தேவாலயத்தின் போதகரிடம் போனார்.

"உங்க அறுப்புப் பண்டிகைக்கு ஆளு கூடுமில்லா? அதுக்குத் தடை உண்டுமா?"

"ஆராதனைக்கு ஏது தடை?"

"அப்போ எங்க பிள்ளைகளுக்க சாமானையும் அங்க வைக்கட்டா?"

போதகருக்கு மெத்தச் சந்தோஷம். மாணவர்கள் தங்கள் கைவேலையை முதற்பலனாகப் படைக்கிறார்கள் என்று நினைத்தார். தாணுமாலயன் கண்காட்சிக்கு இடம் கிடைத்தது என்று நினைத்தார். அப்பாவுக்குத் தேவாலய வழக்கம் தெரியும். "சாரு எல்லாம் பேசியிருப்பாருன்னு நினைச்சேன்" என்பார்.

வழக்கம் இதுதான். பண்டிகையன்று பீடத்தின் முன் வைத்துப் படைத்த எதுவும், வாழைக்குலையோ கோழியோ, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். கொடுத்தவர் திரும்ப எடுக்க முடியாது. வேண்டுமென்றால் அவரும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

மற்ற மாணவர்கள் முதல் வருடம். தேங்காய்த் துருவியும் கொண்டியும் மண்வெட்டியும் செய்திருந்தார்கள். அவை போனால் நஷ்டமில்லை. பரீட்சைக்குப் போக இருந்தவர் அப்பா ஒருவர்தான். அடுத்த வாரம் திருவனந்தபுரத்திலிருந்து பரீட்சகர் வருவார். செய்த பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுப்பார். அந்தச் சான்றிதழ் இருந்தால் பணிமனையில் வேலை. பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்த தகப்பனும் ஒரு தங்கையும் அந்த வேலையை நம்பி இருந்தார்கள். இன்னொரு ஜாக்கி செய்ய நாளும் இல்லை, இரும்பும் இல்லை. அந்தத் தண்டே பஸ்காரர் கருணாகரனின் வண்டியில் முறிந்த ஆக்ஸில். அவர் தூக்கிப் போட்டதை அப்பா கேட்டு வாங்கியிருந்தார்.

கருணாகரன் பாறசாலையிலிருந்து ஒற்றசேகரமங்கலத்துக்கு ஒரே ஒரு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று கொல்லயில் பெண்களை ஏற்றிவந்து தேவாலய முற்றத்தில் நிறுத்தியிருந்தார். வாசலில் ஒரு போலீஸ்காரர், நெய்யாற்றின்கரை ஸ்டேஷனிலிருந்து வந்தவர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை என்ற பேரில் யாராவது போராட்டம் பேசுகிறார்களா என்று கேட்க அனுப்பப்பட்டவர்.

ஆராதனை முடிந்தது. தாணுமாலயன் பீடத்தின் முன்னாலிருந்து ஜாக்கியை எடுத்துக்கொடுத்து, "காட்டுலே" என்றார். பஸ்ஸுக்குள் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இறங்கச் சொன்னார்கள். தாணுமாலயன் வேண்டாம் என்றார். "ஆளோட தூக்குனாத்தான் அது ஜாக்கி."

அப்பா பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியை வைத்தார். கம்பியைச் செருகி ஒரு கையால் சுற்றினார்.

அப்பாவின் தங்கை விமலகுமாரி மாமி அப்போது பஸ்ஸுக்குள் இருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. "வண்டி ஆடவே இல்ல மக்கா" என்பாள். "ஜன்னல் வழியா பாக்கேன், தென்னமரம் எல்லாம் தாழ்ந்து தாழ்ந்து போவுது. ஒருத்தி ஜெபம் பண்ணத் தொடங்கிட்டா. கீழ குனிஞ்சு பாத்தா எங்க அண்ணன். ஒத்தக் கை. இந்தப் பயலா சோத்துக்கு உப்பு இல்லன்னு எங்கிட்ட சண்டை போடுதவன்னு இருந்துது."

சக்கரம் தரையை விட்டது. முற்றத்தில் யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் வந்து சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டு, வெளியே எடுத்து, தன் கையையே பார்த்தார்.

ஜாக்கியின் இயந்திரக் கணக்கு எனக்குத் தெரியும். கை பெரிய வட்டம் சுற்றுகிறது, மரை ஒரு சிறு படி ஏறுகிறது. அவ்வளவுதான். இருந்தாலும் அந்தக் கிழவரின் கையை நினைத்தால் எனக்குக் கணக்கு மறந்துபோகும்.

பிறகு மாமரத்தடியில் ஏலம். ஜாக்கியும் மற்றப் படையலோடு அங்கே போனது. ஏலம் போடுகிறவர் செல்லசாமி. அவர் காதுக்கு ஊரே பயப்படும். தும்மினாலும் விலை கேட்டதாக எடுத்துக்கொள்வார்.

"எலே விஜயதாஸ், தலையச் சொறிஞ்சியா? கோழி உனக்காக்கும்!"

"மாமா, பேன் கடிச்சுது!"

"பேனுக்கும் கோழிக்கும் சேத்து ஒரு தரம்!"

கோழி போனது. பலாக்காய் போனது. தேங்காய்த் துருவியைச் செல்லசாமி தூக்கிக் காட்டியபோது, பக்கத்தில் நின்றவரிடம் தாணுமாலயன் கேட்டார்.

"என்ன ஓய் இது, பிள்ளைகளுக்க சாமான விக்குதாரு?"

"பீடத்துல வெச்சா ஏலந்தான் சாரே. தெரியாதா?"

அவர் முகம் போன போக்கை அப்பா கடைசி வரை மறக்கவில்லை. போதகரிடம் ஓடினார். போதகருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"ஜெபம் பண்ணிப் படைச்சாச்சே. நான் எடுத்துத் தர முடியாது. ஏலத்துலதான் இறங்கும்."

"பயலுக்க ஜீவிதமாக்கும் ஐயா அது."

அப்பா மாமரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமி பெண்கள் பக்கம் போனாள். அவள் சொன்னதைப் பெண்கள் ஆண்களிடம் சொன்னார்கள். பூசணிக்காய் ஏலம் போய் முடிவதற்குள் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது.

மாமி கருணாகரனிடமும் போய்ச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. "நடுவழியில டயரு பஞ்சரானா உத்தரத்த வெச்சு நெம்பிப் பாத்திருக்கியா பிள்ளே? இரும்பு என்னுதாக்கும். ஏலம்னா ஏலம்." அவர் சொன்னதில் தப்பில்லை.

கடைசியாகச் செல்லசாமி ஜாக்கியை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தார். வழக்கமான கேலி எதுவும் சொல்லவில்லை.

"யாருக்கு வேணும்?"

சத்தமே இல்லை. ஒரு முட்டைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம். யாரும் தலையைக்கூட அசைக்கவில்லை. இருமல் வந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கருணாகரன் பஸ் படியில் ஏறி நின்று விலை சொன்னார்.

செல்லசாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. "யாருக்கும் வேண்டாமா?" என்றார்.

கருணாகரன் விலையைக் கூட்டிச் சொன்னார். பிறகு கத்தினார். ஊர் முழுவதும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முகம் திரும்பவில்லை. கைக்குழந்தை ஒன்று மட்டும் அவரைப் பார்த்தது. தாய் அதன் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"எலே சுந்தரதாசு, நீ கேளு மக்கா" என்றார் செல்லசாமி, மெதுவாக.

அப்பா வாயைத் திறந்தார். விலை சொல்லவேண்டும். "எனக்கு" என்று மட்டும் வந்தது.

"எனக்குன்னு ஒரு தரம்!" செல்லசாமியின் குரல் தெருவரை போனது. "எனக்குன்னு ரெண்டு தரம்! எனக்குன்னு மூணு தரம்!"

போதகர் "ஆமென்" என்றார். கூட்டமும் சொன்னது. தாணுமாலயனும் சொன்னார்.

கருணாகரன் படியிலிருந்து இறங்கி தான் விலை கேட்டதற்குச் சாட்சி தேடி நேராக வாசலில் இருந்த போலீஸ்காரரிடம் போனார்.

"சாரே, ஞான் விளிச்சது கேட்டதாணல்லோ? ஒன்னு பற."

போலீஸ்காரர் கருணாகரனைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். ஜாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஞான் ஒன்னும் கேட்டில்ல."

கருணாகரன் சிரித்துவிட்டார். "கொள்ளாம். போலீசு முதக்கொண்டு செவிடாக்கும்." அப்பாவிடம் வந்து ஜாக்கியைத் தட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு செய்து தரணும்லே. அதையும் கொண்டு பீடத்துல வெச்சிராத."

பரீட்சகர் அடுத்த வாரம் வந்தார். ஜாக்கியைத் தன் காரின் அடியில் வைத்துச் சுற்றினார். இறக்கினார். மறுபடியும் சுற்றினார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அப்பா வேலைக்குப் போகும் முன் செய்த ஒரே காரியம் கருணாகரனுக்கு ஒரு ஜாக்கி.

பிறகு எல்லை போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம் போனது. நாங்கள் இந்தப் பக்கம். லேத்தை மிதித்தவர்களில் சிலர் அங்கே, சிலர் இங்கே. அப்பா பணிமனையில் மலையாளம் பேசினார், வீட்டில் தமிழ் பேசினார். அறுப்புப் பண்டிகை ஒன்றையும் விடவில்லை. எனக்கு என்று அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடக்கம் முடிந்த அன்று ஜாக்கியை எடுத்து எண்ணெய் விட்டுச் சுற்றினேன். மரையில் ஆட்டம் இல்லை. மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு உண்மையாகவே காது கேட்காது. நான் காதருகே குனிந்து கத்தினேன்.

"மாமி, அன்னைக்கு கருணாகரன் விலை கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுதா?"

மாமி ஜாக்கியின் தலையில் கையை வைத்தாள்.

"நல்லாக் கேட்டுது மக்கா. இப்பளும் கேக்குது."